தறிக்கூடத்துக் கூரையும் ஒட்டுப்பலகை இணைப்பும்

நமது சங்கங்களுக்குச் சொந்தமான பழைய தறிக்கூடங்களிலும் பண்டகசாலைகளிலும் சீமை ஓடு வேய்ந்த கட்டடங்கள் இன்னும் பல உண்டு. 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை அமைத்துச் செய்யத் தொடங்கிய ஓட்டின் வழிவந்தது இது. ஓடு ஒன்றின் எடை இரண்டு முதல் மூன்று கிலோ. ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் 15 ஓடுகள் வேண்டும். ஆகவே தறியில் அமர்ந்திருப்போர் தலைக்கு மேல் சதுர மீட்டருக்கு 30 முதல் 45 கிலோ பாரம் நிற்கிறது. மழையில் நனைந்தால் அது மேலும் மிகும். இதைத் தாங்குவது, மரச்சட்டங்களை முக்கோணமாகப் பிணைத்த கூரைச் சட்டகம். தச்சர்கள் இதனை டிரஸ் என்பர்.

சட்டகம் தளர்ந்தவுடன் கூரை முழுவதையும் மாற்றவேண்டும் என்று அஞ்சி, பணமில்லாமையால் சில சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்து விடுகின்றன. அவ்வளவு செலவு எல்லா இடத்திலும் தேவையில்லை. நீண்ட மரங்கள் உறுதியாயிருக்க, மரமும் மரமும் கூடும் மூட்டு மட்டுமே கெட்டிருப்பதுண்டு.

சட்டகம் வேலை செய்யும் விதத்தை அறிந்தால் இது விளங்கும். ஓட்டின் பாரத்தால் இரு கைமரங்களும் தம் கால்களை வெளிப்புறமாகத் தள்ளுகின்றன. அடிச்சட்டம் அவற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறது. இவை கூடுமிடம் சுவரின் தலைப்பு. ஓட்டுச் சந்தில் ஒழுகும் நீரும் சுவரின் ஈரமும் கரையானும் முதலில் சேருவது அங்கேதான். அம்மூட்டு விட்டுப்போனால் முகடு தாழும். சுவர் வெளியே சாயும். முகட்டு வரிசையில் பள்ளமோ, சுவரின் மேற்பகுதியில் கிடையான வெடிப்போ தோன்றினால் உடனே கவனிக்கவேண்டும். கூரிய ஊசிக் கம்பியால் மூட்டைக் குத்திப் பார்த்தால், உளுத்த மரம் எதிர்ப்பின்றி உள்வாங்கும்.

இத்தகைய மூட்டை, இருபக்கமும் பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையை வைத்து ஆணியடித்துச் சீர்செய்யலாம். அமெரிக்காவில் பண்ணைக் கட்டடங்களுக்குப் பெரிதும் பயன்பட்ட முறை இது. சாதாரணப் பலகையில் ஆணிவரிசை அடித்தால் இழையோட்டத்தில் பிளந்துவிடும். ஒட்டுப்பலகையிலோ அடுக்குகளின் இழை, பாவும் ஊடையும் போல ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருப்பதால் எளிதில் பிளவாது.

வேலையைத் தொடங்குமுன் அப்பகுதியில் எவரும் தறியில் அமரலாகாது. ஓடுகளை இறக்கி, அடிச்சட்டத்தின் கீழ்ச் சவுக்குக் கம்பங்களை முட்டுக்கொடுத்து ஆப்பு வைத்து இறுக்கவேண்டும். தாழ்ந்த சட்டத்தை ஒரே மூச்சில் உயர்த்தினால் நல்ல மூட்டுகளும் முறியும். சிறிது சிறிதாகவே உயர்த்தவேண்டும். பிறகு உளுத்த பகுதியை நல்ல மரம் தென்படும்வரை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் உலர்ந்த புதுமரத்தைப் பொருத்தவேண்டும். உளுத்த மரத்தின்மேல் பலகையை அறைவது புண்ணை மூடி வைப்பதாகும்.

பலகை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, நீருக்கு ஈடுகொடுக்கும் இனமாயிருப்பது நலம். சட்டங்களின் முகம் ஒரே மட்டத்தில் இல்லையெனில் இடையில் துண்டு மரம் வைத்துச் சமன்செய்யவேண்டும். ஆணிகளை ஒரே கோட்டில் அடியாமல் மாற்றி மாற்றி அடிக்கவேண்டும். 4 மி.மீ. கனமுள்ள ஆணியானால் மரத்தின் முனையிலிருந்து சுமார் 50 மி.மீ., ஓரத்திலிருந்து 20 மி.மீ. விலக்குதல் நன்று. பழைய தேக்கும் சாலும் கடினமானவை, 3 மி.மீ. துளையிட்ட பிறகே ஆணி இறங்கவேண்டும். பசை தடவுவது மூட்டை விறைப்பாக்கும். ஆயினும் பாரம் முழுவதையும் ஆணிகளே தாங்குமாறு கணக்கிடவேண்டும். பலகையின் விளிம்புகளுக்கு வண்ணம் பூசுதல் அவசியம்.

பலகையின் அளவையும் ஆணிகளின் எண்ணிக்கையையும் கண்ணளவில் தீர்மானிக்கலாகாது. ஆணிமூட்டு மரவேலைக்கென ஐ.எஸ். 2366 என்னும் இந்தியத் தர விதிகள் உள்ளன. அவற்றை அறிந்த பொறியாளரிடம் கூரையின் அகலத்தையும் பாரத்தையும் காட்டி வரைபடம் பெறவேண்டும். மரத்தின் நீளத்தில் பெரும்பகுதி அரிக்கப்பட்டிருந்தால் அச்சட்டத்தையே மாற்றவேண்டும் என்று அவர் கூறுவார். அதை ஏற்பதே முறை. ஒழுக்கை அடைக்காமலும், மரமுனையைச் சுற்றிச் சுவரில் காற்றுப்போக இடம்விடாமலும் செய்த பழுதுபார்ப்பு நிலைக்காது.

பருவமழைக்கு முன்னரே நிர்வாகக் குழுவினர் ஏணிவைத்து ஒவ்வொரு மூட்டையும் பார்த்து, கண்டதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்தல் வேண்டும். அங்கத்தினர்களும் பொதுக்குழுவில் வரவு செலவைக் கேட்பதுபோலவே கூரையின் நிலையையும் கேட்கவேண்டும். அதன்கீழ் அமர்ந்து உழைப்பவர்கள் அவர்களே அல்லவா?