கடனும் கைமுதலும்

கடன் தீர்ந்த பிறகு சேமிப்போம் என்று சொல்லாத குடும்பம் இல்லை. கேட்பதற்கு இது நேர்மையான சொல்லாகவே தோன்றுகிறது. பிறர் பணம் நம்மிடம் இருக்கும்போது நமக்கென்று ஒரு காசு ஒதுக்குவது முறையாகாது என்னும் மான உணர்ச்சி அதில் உண்டு. கணக்கறிந்தவர்களும் இதையே சொல்வர். கடனுக்குக் கொடுக்கும் வட்டி சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியிலும் பெரிது. ஆகவே மிஞ்சுவதையெல்லாம் கடனுக்கே கட்டுவதுதான் இலாபம் என்பர். மானமும் கணக்கும் ஒரே பக்கத்தில் நிற்கும்போது மறுத்துப் பேச யார் துணிவார்?

ஆயினும், நுவரெலியாவிலும் அட்டனிலும் பரந்து கிடக்கும் தேயிலை மலைகளின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பவர், அந்தச் சொல்லில் ஒரு குறை இருப்பதை உணர்வர். கடன் தீரும் நாள் வருமுன்னே அடுத்த இடர் வந்துவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் ஒரு சாவு, வேலையில்லாத இரண்டு வாரம் என்று ஏதேனும் ஒன்று. அந்நாளில் கையில் ஒன்றுமில்லாதவர் மறுபடியும் கடன் கொடுப்போரின் வாயிலுக்கே போகிறார். அவசரத்தில் வாங்கும் கடனுக்குத்தான் வட்டியும் அதிகம். ஆதலால், கடனை மெல்ல அடைத்துக்கொண்டே ஒரு சிறு கைமுதலையும் கூடவே வளர்த்து வரவேண்டும் என்பதை இங்கே ஆராய விரும்புகிறோம்.

துண்டு என்னும் காகிதம்

திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் நாளடைவில் கோப்பியை அழித்தது. அதன்பின் தேயிலை மலைகளுக்கு வந்தனர். வந்தவர் கையில் முதல் ஏதும் இருக்கவில்லை. ஊரில் இருந்த பழங்கடனைத் தீர்க்கவும், வழிச்செலவுக்கும், அரிசிக்கும் கங்காணி முற்பணம் கொடுத்தார். ஒரு நாள்கூடக் கொழுந்து கிள்ளாதவர், பல மாத உழைப்பை ஈடுவைத்தவராக மலையேறினார்.

இக்கடன் அவரை எவ்வாறு பிணித்தது என்பதற்குத் ‘துண்டு’ முறை சான்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் கூட்டத்தாருக்குத் தோட்டத்துரை ஒரு காகிதத் துண்டு எழுதிக் கொடுப்பார். இவர்கள்மீதுள்ள கடன் இத்தனை ரூபா, அதைச் செலுத்துவோரிடம் இவர்களை ஒப்புவிக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்ளும். கடன் தீர்ந்துவிடாது, கைமாறும். ஆள் தேவைப்பட்ட துரைமார் போட்டியிட்டுக் கங்காணிமாருக்கு மேலும் மேலும் முற்பணம் கொடுத்ததால், போகும் இடந்தோறும் தொகை பெருகிற்று. தம் பெயரில் ஏறிய கணக்கைத் தொழிலாளர் பெரும்பாலும் கண்ணால் கண்டதுமில்லை.

1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. தஞ்சையில் ‘வர்த்தகமித்திரன்’ என்னும் இதழை நடத்திவிட்டு இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர், 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அட்டனிலிருந்து கங்காணி ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடினார். இவற்றால் சட்டத்தின் விலங்கு கழன்றது. ஆனால் இடர் வரும் நாளில் எடுத்துக் கொடுக்க ஒரு கைமுதல் வேண்டுமே, அதைச் சட்டம் தரவில்லை. ஆகவே கடன் வேறு வேடங்களில் லயத்துக்குள் வந்துகொண்டேயிருந்தது.

ஆண்டு முழுதும் கடன்

தோட்டத்துக் குடும்பத்தின் ஓராண்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். தீபாவளிக்கு முற்பணம் கிடைக்கிறது. அதற்கடுத்த மாதங்களின் சம்பளத்தில் அது சிறிது சிறிதாகக் கழிகிறது. கழியும் அந்த மாதங்களிலேதான் வறட்சி வருகிறது. தை முதல் பங்குனி வரை வறண்ட காற்று வீசும் காலத்தில் திம்புளைப் பகுதித் தேயிலைக்கு மணமும் மதிப்பும் மிகுதி. கொழுந்தின் அளவோ குறைவு. குறித்த நிறை எடுக்காதவருக்கு முழுப்பேர் விழாது. அரைப்பேரோடு வீடு திரும்பவேண்டும். உலகச் சந்தை நம் தேயிலையைப் புகழும் நாட்களில் அதைக் கிள்ளிய கைக்குக் காசு குறைகிறது.

அப்போது கடைக்காரரின் கொப்பியில் அரிசியும் மாவும் பற்றெழுதப்படுகின்றன. கொப்பி நிறைந்தால் நகை அடகுக்குப் போகிறது. லயத்து அறை தோட்டத்துக்குரியது. அதை ஈடுகாட்டி வங்கியில் கடன் கேட்க வழியில்லை. ஆகவே மலையகத்துப் பெண்ணுக்குத் தோடும் சங்கிலியுமே வங்கி. அவற்றை அவள் வாங்கியது சேமிப்பாகத்தான். ஆனால் முடை வந்ததும் அந்தச் சேமிப்பை எடுத்துப் பயன்படுத்த அவளே வட்டி கட்டவேண்டியிருக்கிறது. மீட்கத் தவறினால் நகையும் போய்விடுகிறது.

அண்மைக் காலத்தில் இவற்றோடு நுண்கடன் சேர்ந்தது. பெண்களைக் குழுவாக அமர்த்தி, ஒருவருக்கொருவர் பிணைநிற்கச் செய்து, வாரந்தோறும் தவணை வசூலிக்கும் முறை இது. 2016இல் நுண்நிதித் தொழிலுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2018இல் அரசாங்கம் இத்தகைய கடனுக்கு ஆண்டு வட்டி 35 விழுக்காட்டைத் தாண்டலாகாதென வரம்பு கட்டியது. வரம்பே 35 என்றால், வரம்பில்லாக் காலத்து நிலையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 2021இல் ஹிங்குராங்கொடையில் பெண்கள் நாள்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தது இக்கடன்களின் கொடுமையைத் தாங்காமல்தான். ஒரு தவணையைக் கட்ட மற்றொரு நிறுவனத்தில் கடன் வாங்குவது எல்லாவிடத்தும் காணப்பட்ட கதை. கைமாறும் கடன் என்ற வகையில் பழைய துண்டுக்கும் இதற்கும் உறவு உண்டு.

அட்டையின் கணக்கு

மலையகத்தின் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய சட்டைப்பையில் கடனட்டை இருக்கிறது. அட்டைக்கடனுக்கு 2020இல் மத்திய வங்கி 18 விழுக்காடு என்று உச்சவரம்பு விதித்திருந்தது. 2022 ஏப்ரலில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. வட்டி விரைவில் 30 விழுக்காட்டைத் தொட்டது. மாதந்தோறும் அட்டைக்கணக்கில் குறிக்கப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருபவர், பெரும்பகுதியை வட்டிக்கே கொடுத்துவிட்டு, முதல் கரையவில்லையே என்று வியக்கிறார்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு அட்டைக்கடன் 1,00,000 ரூபா. வட்டி மாதத்துக்கு 2 விழுக்காடு. கடனுக்கென ஒதுக்கக்கூடியது மாதம் 10,000 ரூபா. முழுவதையும் கடனுக்கே கட்டினால் 12ஆம் மாதத்தில் கடன் தீரும். வட்டியாகச் செல்வது ஏறத்தாழ 12,700 ரூபா. 8,000 மட்டும் கட்டி 2,000ஐத் தனியே ஒதுக்கினால் 15ஆம் மாதத்தில் கடன் தீரும். வட்டி ஏறத்தாழ 16,200 ரூபா. வேறுபாடு 3,500 ரூபா. எந்த இடரும் நேராவிட்டால் முதல்வழியே இலாபம். இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 6ஆம் மாத முடிவில் வீட்டில் ஒருவர் நோயுறுகிறார் என்று கொள்வோம். இரண்டாம் வழியில் சென்றவரிடம் 12,000 ரூபா இருக்கிறது. முதல்வழியில் சென்றவரிடம் ஒன்றுமில்லை. அட்டையை மறுபடி நீட்டலாமே எனில், அந்த வாயிலைத் திறப்பதும் மூடுவதும் வங்கியின் விருப்பம்; நூற்றுக்கு மாதம் பத்து வட்டி கேட்பவரிடம் போனாலோ, நான்கு மாதத்தில் 12,000 ரூபாவுக்கு 4,800 ரூபா வட்டியாகிவிடும். மிச்சப்படுத்த எண்ணிய 3,500 ரூபா அங்கேயே கரைந்துபோகிறது. அத்தொகையைக் காப்புறுதிக்குக் கொடுத்த கட்டணமாகக் கருதுவதே பொருந்தும்.

நாடு கற்ற பாடம்

தனிமனிதருக்குப் பொருந்தும் இக்கணக்கு நாட்டுக்கும் பொருந்தும் என்பதை 2022இல் நாம் கண்டோம். அவ்வாண்டு ஜனவரி 18ஆம் திகதி இலங்கை 50 கோடி டொலர் வெளிநாட்டுக் கடன்முறியைத் தவறாமல் செலுத்தியது. வாக்குத் தவறாமை பெருமையாகப் பேசப்பட்டது. நாட்டின் கைமுதலான அந்நியச் செலாவணிக் கையிருப்போ ஏற்கனவே வற்றிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஆகுமுன், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று மே மாதம் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. இந்த நெருக்கடிக்குக் காரணங்கள் பல. ஆயினும், கையிருப்பு வற்றும் காலத்தில் கடனை மட்டும் எண்ணிக் கட்டுபவர் கடனையும் நெடுநாள் கட்ட முடியாது என்பது அவற்றினூடே தெளிவாகத் தெரிந்தது.

எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது

மலையகத்தார் சேமிக்க அறியாதவர்கள் என்பது பழிச்சொல். சீட்டுப் பிடிக்காத லயம் அரிது. சீட்டின் நற்பண்பு, அது கட்டாயப்படுத்தும். அயலாரின் கண்ணுக்கு அஞ்சியேனும் மாதந்தோறும் பணம் வந்துசேரும். அதன் குறை, தொகை நம் முறை வரும்போது கிடைக்கிறதேயன்றி நோய் வரும்போது கிடைப்பதில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி மற்றொரு சேமிப்பு. தொழிலாளியின் 8 விழுக்காடும் தொழில் கொள்வோரின் 12 விழுக்காடும் அதில் சேர்கின்றன. அது முதுமைக்கு உரியது. நள்ளிரவுக் காய்ச்சலுக்கு உதவாது. கைமுதல் என்பது வேண்டும்போது எடுக்கக்கூடியதாய், வேண்டாதபோது கைக்கு எட்டாததாய் இருத்தல் வேண்டும். வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனிக் கணக்கில் இருக்கும் பணம் இதற்கு ஏற்றது.

அளவைத் தோட்டத்து அளவையாலேயே சொல்வோம். முதற்குறி பத்துப் பேர். 2024 செப்டெம்பரில் வகுக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலிப்படி இது 13,500 ரூபா. சித்திரை, வைகாசியில் மழையோடு கொழுந்து பொங்கி, மேலதிகக் கிலோவுக்கும் காசு விழும் நாட்களே இதற்கு ஏற்ற காலம். கடன்களை வட்டியின் அளவுப்படி வரிசைப்படுத்தி, எல்லாவற்றுக்கும் தவணை தவறாது கட்டி, மிகுந்த வட்டியுள்ளதற்கு மட்டும் கூடுதலாகச் செலுத்தவேண்டும். ஒரு கடன் தீர்ந்தால் அதன் தவணையில் பெரும்பகுதி அடுத்த கடனுக்கும், ஒரு சிறுபகுதி கைமுதலுக்கும் போகட்டும். இடர் வந்து கைமுதலை எடுத்தால் அதற்காக வருந்த வேண்டியதில்லை, அதற்காகத்தானே வைத்தோம்! மறுமாதம் மீண்டும் தொடங்கலாம்.

கடனுதவிக் கூட்டுறவு இயக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவரால் கிராமத்து எளியோரிடையே வளர்க்கப்பட்டது. இலங்கையில் 1911இல் அதற்குச் சட்டம் பிறந்தது. இச்சங்கங்களுக்கு நம் மொழியில் வழங்கும் பெயர் ‘சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம்’. சிக்கனமும் கடனும் ஒரே பெயரில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்று அதை அமைத்தவர்கள் எண்ணவில்லை. உறுப்பினர் தாமும் சேமித்துக்கொண்டே கடனும் பெறுவர்.

கூலியும் கைமுதலும்

அரைவயிற்றுக் கூலியில் சேமிப்பு எங்கிருந்து வரும் என்று கேட்பார் உண்டு. அக்கேள்வி நியாயமானது. நாட்கூலி 1,000 ரூபா ஆவதற்கே பல்லாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. 2021இல்தான் அது கிட்டியது. அடுத்த ஆண்டிலேயே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. சேமிக்கும்படி உபதேசிப்பது நியாயமான கூலிக்கு மாற்றாகாது. அவ்வாறு உபதேசிப்பவர் ஏழையின் வறுமைக்கு ஏழையையே குற்றவாளியாக்குகிறார். ஆனால் கைமுதலுக்கும் கூலிப் போராட்டத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வேலைநிறுத்த நாளில் பேர் விழாது. பத்து நாட்கூலி கையில் உள்ள குடும்பம் பத்து நாள் பொறுக்கும். ஒன்றுமில்லாத குடும்பம் மூன்றாம் நாளே மலைக்குத் திரும்பும். நியாயமற்ற இடத்தை விட்டுப் போகவும், பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தாதிருக்கவும் இச்சிறு தொகை துணைநிற்கும். துண்டுக் காலத்து மக்களுக்கு இல்லாதிருந்த உரிமை இதுதான்.

மலையகப் பாடசாலைகளில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு பணி உண்டு. தனிவட்டி, கூட்டுவட்டிப் பாடத்தில் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குக் கொடுத்த கடனுக்குப் பதிலாக, தீபாவளி முற்பணத்தையும், நகை அடகையும், வாரத் தவணைக் கடனையும் கணக்காகக் கொடுக்கலாம். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று இனிக்கச் சொல்லப்படும் வட்டியை ஆண்டு வட்டியாக மாற்றிக் காட்டச் சொல்லலாம். அதைக் கற்ற பிள்ளை, தாய் கையெழுத்திடுமுன் கடன் பத்திரத்தை வாங்கி ஒருமுறை படித்துப் பார்க்கும்.