மேல்முறையீடு மறுவிசாரணை அன்று

2010இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிங்ஸ்லி என்ற விசாரணைக் கைதியைச் சிறைக் காவலர்கள் விலங்கிட்டு, மின்அதிர்ச்சிக் கருவியால் தாக்கினர். அவர் 1871ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டப்படி நஷ்டஈடு கேட்டார். ஜூரிகளோ காவலர்களுக்குச் சாதகமாக முடிவு சொன்னார்கள்.

எந்தச் சாட்சியை நம்புவது என்பது ஜூரிகளின் பொறுப்பு. மேல்மன்றம் பெரும்பாலும் சட்டப் பிழையையே பார்க்கும். ஆகவே, நீதிபதி ஜூரிகளுக்குத் தந்த சட்ட விளக்கமே தவறு என்று கிங்ஸ்லி வாதிட்டார். காவலரின் மனத்தில் என்ன இருந்தது என்பதன்று, தாக்குதல் நியாயமான அளவை மீறியதா என்பதே கேள்வி என்றார். இடைநிலை மேல்மன்றம் மறுத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ஏற்றது.

இத்தகைய பிழையை விசாரணையின்போதே ஆட்சேபித்துப் பதிவு செய்துவிட வேண்டும். மேல்முறையீட்டுக்கும் பொதுவாக 30 நாட்களே தவணை. வாய்மூடி இருந்தவருக்கு மேல்மன்றத்தில் வழி குறுகிவிடும்.