நீரிழிவு நோயும் முடக்கு வாதமும்

நீரிழிவு நோய் என்பது குருதியில் குளுக்கோசின் அளவு நீடித்து உயர்ந்திருக்கும் நிலை ஆகும். முடக்கு வாதம் என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே தாக்கி, அழற்சியையும் நாளடைவில் மூட்டுச் சிதைவையும் உண்டாக்கும் ஒரு தன்னுடல் தாக்குநோய் ஆகும். இவ்விரு நோய்களும் ஒருவரிடமே ஒருங்கே காணப்படுவது அரிதன்று. இரண்டுமே நீண்ட காலம் நீடிப்பவை; இரண்டுக்கும் நாள்தோறும் கவனிப்பு தேவை. ஆயினும் இவற்றுக்கு மருத்துவம் செய்வோர் பெரும்பாலும் வெவ்வேறு துறையினர் ஆவர். ஒன்றுக்குத் தரப்படும் மருந்து மற்றொன்றை மோசமாக்கலாம். ஒன்றின் அறிகுறி மற்றொன்றினுடையது எனத் தவறாகக் கொள்ளப்படலாம். ஆகவே இவற்றை ஒருங்கே வைத்துக் கவனிப்பது இன்றியமையாததாகும்.

நோய்களின் தன்மை

நீரிழிவு நோயில் இரு முதன்மை வகைகள் உள்ளன. முதலாம் வகையில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களை நோய் எதிர்ப்பு அமைப்பு அழித்துவிடுகிறது. இரண்டாம் வகையில், இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்கு உரியவாறு இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. வெறும் வயிற்றில் குருதிக் குளுக்கோசு 126 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருப்பதும், எச்பிஏ1சி அளவு 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பதும் நோயைக் கண்டறியும் அளவுகோல்களுள் சிலவாகும்.

முடக்கு வாதம் பெரும்பாலும் விரல்கள், மணிக்கட்டு, பாதம் ஆகியவற்றின் சிறு மூட்டுகளில் தொடங்குகிறது. உடலின் இரு பக்கங்களிலும் ஒத்த மூட்டுகள் வீங்குவதும், காலையில் எழுந்தபின் மூட்டு விறைப்பு ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல் நீடிப்பதும் இதன் சிறப்பு அறிகுறிகள் ஆகும். ஆண்களைவிடப் பெண்களிடம் இது ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது.

வரலாறு

பிரித்தானிய மருத்துவர் ஆல்பிரட் பேரிங் கரோட் 1859 ஆம் ஆண்டில் முடக்கு வாதத்துக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். 1876 இல் செருமானிய மருத்துவர் வில்லெம் எப்சுட்டைன், வலிக்கும் வாதத்துக்கும் பயன்பட்ட சாலிசிலேட்டு மருந்து நீரிழிவு நோயாளர்களின் சிறுநீரில் சர்க்கரையைக் குறைப்பதைப் பதிவு செய்தார். அழற்சிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கான தொடக்கக் காலக் குறிப்புகளுள் இதுவும் ஒன்று. அதன் காரணம் அப்போது விளங்கவில்லை.

1921 ஆம் ஆண்டில் கனடாவின் தொராண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 சனவரியில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. 1948 செப்டம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் எஞ்ச் என்பவர் முடக்கு வாதம் கொண்ட ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோனைச் செலுத்தினார். நடக்க இயலாதிருந்த அவர் சில நாட்களில் நடந்தார். இதற்காக எஞ்ச், கெண்டால், ரைக்கிசுட்டைன் ஆகியோருக்கு 1950 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும் கார்ட்டிசோன் நோயைக் குணப்படுத்துவதில்லை என்பதும், குருதிச் சர்க்கரை உயர்வு, எலும்புத் தேய்வு, நோய்த்தொற்று போன்ற பக்கவிளைவுகளை உண்டாக்கும் என்பதும் விரைவிலேயே தெரியவந்தன.

இரு நோய்களுக்கும் இடையிலான தொடர்பு

முதலாம் வகை நீரிழிவும் முடக்கு வாதமும் தன்னுடல் தாக்குநோய்கள் என்பதால் அவற்றுக்குப் பொதுவான மரபணுப் பின்னணி உண்டு. பிடிபிஎன்22 எனும் மரபணுவின் ஒரு மாற்றுவடிவம் இரு நோய்களோடும் தொடர்புடையது என 2004 இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இரண்டாம் வகை நீரிழிவுடனான தொடர்பு வேறு வகையானது. மூட்டழற்சியில் மிகுதியாகச் சுரக்கும் டிஎன்எப்-ஆல்பா எனும் புரதம் இன்சுலினின் செயலைத் தடுக்கிறது. உடற்பருமன் கொண்ட எலிகளின் கொழுப்புத் திசுவில் இப்புரதம் மிகுந்திருப்பதையும், அதனைச் செயலிழக்கச் செய்தால் இன்சுலின் மேலும் நன்கு செயல்படுவதையும் 1993 இல் ஆய்வாளர்கள் கண்டனர். இதனுடன், மூட்டுவலியால் நடமாட்டம் குறைதல், உடல் எடை கூடுதல், தசை குறைதல், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியனவும் சேர்ந்து சர்க்கரையை உயர்த்துகின்றன. ஆகவே மூட்டழற்சி தணியும்போது சர்க்கரைக் கட்டுப்பாடும் எளிதாவது உண்டு.

மூட்டு மருந்துகளும் குருதிச் சர்க்கரையும்

ஸ்டீராய்டுகள்: பிரெட்னிசோலோன் போன்றவை மூட்டு வீக்கத்தை விரைவில் தணிக்கின்றன, அதே வேளை கல்லீரல் வெளியிடும் குளுக்கோசை மிகுவித்து, இன்சுலினின் செயலைக் குறைக்கின்றன. காலையில் உட்கொள்ளும் மாத்திரையின் விளைவு நண்பகலுக்குப் பின்னும் மாலையிலும் மிகுந்து, இரவில் தணிகிறது. எனவே காலையில் வெறும் வயிற்றில் மட்டும் சோதிப்பவருக்குச் சர்க்கரை இயல்பாக இருப்பதாகத் தோன்றலாம். ஸ்டீராய்டு உட்கொள்வோர் மதிய உணவுக்குப் பின்னரும் இரவு உணவுக்கு முன்னரும் சோதிப்பது உண்மை நிலையைக் காட்டும். மூட்டுக்குள் இடப்படும் ஸ்டீராய்டு ஊசியும் சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்தக்கூடும்.

சர்க்கரை கூடுகிறது என்பதற்காக ஸ்டீராய்டைத் தாமாகவே திடீரென நிறுத்துவது ஆபத்தானது. பல வாரங்கள் இம்மருந்தை உட்கொண்டவரின் அட்ரினல் சுரப்பி தன் இயல்பான சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் குருதி அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். அளவு படிப்படியாகவே குறைக்கப்பட வேண்டும். அவ்வாறு குறைக்கும்போது இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரையின் அளவையும் சேர்த்துக் குறைக்காவிட்டால் சர்க்கரை அளவுக்கு மேல் தாழ்ந்துவிடும். மூட்டுவலிக்கென விற்கப்படும் பெயர் குறிப்பிடாத பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. காரணமின்றிச் சர்க்கரை உயர்ந்தால் இதனையும் கருத வேண்டும்.

ஐதராக்சிகுளோரோகுயின்: இது சர்க்கரையைக் குறைக்கும் இயல்புடையது. முடக்கு வாத நோயாளர்களிடம் இம்மருந்தை உட்கொண்டோருக்கு நீரிழிவு தோன்றுவது குறைவு என 2007 இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இந்தியாவில் 2014 இல் இரண்டாம் வகை நீரிழிவுக்குத் துணை மருந்தாகவும் இது ஒப்புதல் பெற்றது. இன்சுலினுடனோ சல்போனைல்யூரியா மாத்திரையுடனோ சேரும்போது தாழ்சர்க்கரை நேரலாம். நீண்ட காலப் பயன்பாட்டில் விழித்திரை பாதிக்கப்படலாம். நீரிழிவும் விழித்திரையைத் தாக்கும் என்பதால், மருந்தைத் தொடங்கும்போதே கண் பரிசோதனை செய்துகொள்வது பின்னாளில் எது எதனால் என்று பிரித்தறிய உதவும்.

மெத்தோட்ரெக்சேட்: முடக்கு வாதத்தின் அடிப்படை மருந்தாகிய இது வாரம் ஒரு முறை மட்டுமே உட்கொள்ளப்படுவது. நீரிழிவு மாத்திரைகளோடு சேர்த்து நாள்தோறும் தவறுதலாக உட்கொள்ளப்பட்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு இறப்பு நேரலாம். எனவே இதனைத் தனிப் பெட்டியில் வைத்து, உட்கொள்ளும் கிழமையை உறையின் மேல் எழுதிவைப்பது நல்லது. இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது; கல்லீரலையும் பாதிக்கக்கூடியது. நீரிழிவு நோயாளர்களிடம் சிறுநீரகக் குறைபாடும் கொழுப்புக் கல்லீரலும் மிகுதி என்பதால், குறித்த கால இடைவெளியில் குருதிச் சோதனை செய்தல் வேண்டும்.

வலி நிவாரணிகள்: இபுபுரோபென், டைக்குளோபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்கின்றன. நீரிழிவு நோயாளர் பலர் குருதி அழுத்தத்துக்கென உட்கொள்ளும் சில மருந்துகளோடும், சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகளோடும் இவை சேரும்போது சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். வயிற்றுப்போக்கு, வாந்தி உள்ள நாட்களில் இந்த ஆபத்து மிகும்.

உயிரியல் மருந்துகள்: டிஎன்எப் தடுப்பு மருந்துகள் 1990களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தன. இவை சர்க்கரையை உயர்த்துவதில்லை. ஆனால் உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோயைத் தூண்டிவிடலாம். நீரிழிவும் காசநோய்க்கு ஏதுவாகும். எனவே காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில் முன்சோதனை மிகவும் தேவையானது. சேக் தடுப்பான்கள் எனும் மாத்திரைகளுக்கு, மாரடைப்பு உள்ளிட்ட இதய நோய்கள் தொடர்பான எச்சரிக்கையை 2021 இல் ஐக்கிய அமெரிக்க மருந்து நிருவாகம் விடுத்தது. நீரிழிவு இதய நோய்க்கு ஏதுவாவதால் இது இந்நோயாளர்களுக்கு நேரடியாகப் பொருந்தும்.

நீரிழிவினால் வரும் மூட்டுச் சிக்கல்கள்

நீரிழிவு நோயாளரின் எல்லா மூட்டுவலியும் முடக்கு வாதத்தால் வருவதன்று. நீண்டகால நீரிழிவில் கைவிரல்களின் தோலும் தசைநாண்களும் தடித்து, இரு உள்ளங்கைகளையும் முழுமையாக ஒட்டிக் கும்பிட இயலாத நிலை தோன்றலாம். விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளுதல், தோள் இறுக்கம், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல் மரத்தல் ஆகியனவும் நீரிழிவில் மிகுதி. இவற்றுக்கு முடக்கு வாத மருந்தைக் கூட்டுவதால் பயன் இராது. கிளிப்டின் வகை நீரிழிவு மாத்திரைகளால் கடுமையான மூட்டுவலி வரலாம் என 2015 இல் ஐக்கிய அமெரிக்க மருந்து நிருவாகம் எச்சரித்தது. புதிய மாத்திரை தொடங்கிய பின் வலி கூடினால் இதனை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

சோதனைகளில் கவனிக்க வேண்டியவை

எச்பிஏ1சி சோதனை சிவப்பணுக்களின் வாழ்நாளைச் சார்ந்தது. முடக்கு வாதத்தில் குருதிச்சோகை பரவலாகக் காணப்படும். இரும்புச்சத்துக் குறைவு இவ்வளவை உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். குருதியிழப்பு, குருதியேற்றம், சிவப்பணுச் சிதைவு ஆகியன குறைத்துக் காட்டலாம். அளவும் அன்றாடச் சோதனையும் ஒத்துப்போகாதபோது அன்றாடச் சோதனையே வழிகாட்டியாகும். தோலில் ஒட்டிவைக்கும் சில வகைச் சர்க்கரை உணரிகள், பாராசிட்டமால் உட்கொண்டபின் அளவைக் கூட்டிக் காட்டும்.

கைகளும் அன்றாடக் கருவிகளும்

நீரிழிவுக் கவனிப்பின் பெரும்பகுதி விரல்களால் செய்யப்படுவது: சோதனைப் பட்டையை எடுத்தல், விரல் நுனியைக் குத்துதல், ஊசிக் குழலில் மருந்தை அளந்து ஏற்றுதல், குப்பியின் மூடியைத் திறத்தல். வீங்கிய விரல்களுக்கு இவை ஒவ்வொன்றும் கடினம். காலை விறைப்பின்போது மேலும் கடினம். ஊசி தவறுவதும் அளவு பிழைப்பதும் இதனால் நேரலாம். மெல்ல அழுத்தினாலே போதுமான இன்சுலின் பேனாக்கள், பருத்த கைப்பிடி, தோல் உணரிகள், எளிதில் திறக்கும் மருந்துப் பெட்டி ஆகியன உதவும். குளுக்கோசுப் பொட்டலத்தை முன்கூட்டியே பிரித்துத் தளர்வான மூடியுள்ள டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே தாழ்ந்து கை நடுங்கும் வேளையில் உறையைப் பிரிக்க இயலாது போகலாம்.

பாதங்கள்

இவ்விரு நோய்களும் சந்திக்கும் மிக ஆபத்தான இடம் பாதம் ஆகும். முடக்கு வாதம் கால் விரல்களை மடக்கி, முன்பாத எலும்புகளைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் அங்கு அழுத்தம் கூடித் தோல் காய்க்கிறது. முடக்கு வாதம் மட்டும் உள்ளவருக்கு வலி தோன்றி எச்சரிக்கும். நீரிழிவால் நரம்பு நலிந்தவருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. காய்ப்பின் அடியில் புண் தோன்றி, ஸ்டீராய்டால் ஆறாது நின்று, எலும்பு வரை பரவக்கூடும். முன்பு வலித்த பாதம் மருந்து ஏதும் மாறாமல் வலிக்காது போனால் அதனை நலமாகிவிட்டது என்று கொள்ளலாகாது. உணர்ச்சி குறைந்திருக்கிறதா எனச் சோதிக்க வேண்டும்.

பாதங்களை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். குனியவோ காலை மடக்கவோ இயலாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், வீட்டிலுள்ளோர் உதவலாம். வெறுங்காலுடன் நடப்பதையும், விரலிடையில் மாட்டும் செருப்பையும் தவிர்த்து, முன்பகுதி அகன்ற மென்மையான காலணியை அணிதல் நலம்.

நோய்த்தொற்று

நீரிழிவும், முடக்கு வாதமும், அதற்கான மருந்துகளும் தனித்தனியே நோய்த்தொற்றுக்கு ஏதுவானவை. பல மூட்டுகளில் அல்லாது ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து, சூடாகி, மிக வீங்கினால் அது வழக்கமான வாதம் என்று விட்டுவிடலாகாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஸ்டீராய்டு உட்கொள்வோருக்குக் காய்ச்சல் தெரியாமலும் இருக்கலாம். சில நாட்களுக்குள் மூட்டையே அழித்துவிடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சளிக்காய்ச்சல், நிமோனியா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. உயிருள்ள நுண்ணுயிர்களைக் கொண்ட தடுப்பூசிகளை உயிரியல் மருந்து பெறுவோர் பொதுவாகத் தவிர்க்க வேண்டும்.

இதயம்

முடக்கு வாதத்தால் வரும் இதய நோய் ஆபத்து நீரிழிவால் வருவதற்கு ஏறத்தாழ இணையானது என ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டும் சேர்ந்தவரிடம் குருதி அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதும் புகைபிடித்தலை விடுவதும் மூட்டு மருந்துக்கு நிகரான இடம் பெற வேண்டும். புகைபிடித்தல் முடக்கு வாதம் தோன்றுவதற்கும் ஒரு காரணி ஆகும்.

உணவும் உடற்பயிற்சியும்

முடக்கு வாதத்தைக் குணப்படுத்தும் தனி உணவு எதுவும் இல்லை. சர்க்கரையையும் எடையையும் கட்டுப்படுத்தும் உணவு முறையே இரண்டுக்கும் பொருந்தும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. நீரில் நடத்தல், நீந்துதல், நிலைமிதிவண்டி ஆகியன மூட்டுக்குச் சுமை தராதவை. மூட்டுகள் வீங்கியுள்ள நாட்களில் முற்றிலும் படுத்திராமல், வீங்காத மூட்டுகளையாவது அசைப்பது தசையையும் சர்க்கரையையும் காக்கும்.

ஒருங்கிணைந்த கவனிப்பு

இரு மருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாதிருப்பதே பல சிக்கல்களுக்குக் காரணம். எல்லா மருந்துகளையும், அளவையும், தொடங்கிய நாளையும் ஒரே தாளில் எழுதி இருவரிடமும் காட்டுவது எளிய தீர்வாகும். ஸ்டீராய்டின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் நீரிழிவு மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் மெத்தோட்ரெக்சேட், லெப்லுனோமைடு ஆகியவற்றை மருத்துவ அறிவுரையுடன் முன்னதாகவே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

நீரிழிவு நோய்
முடக்கு வாதம்
இன்சுலின்
தன்னுடல் தாக்குநோய்
நீரிழிவுப் பாதம்