சேர்ந்தே ஏறி இறங்கிய இரண்டு பிஸ்டன்கள்

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி உலகமெங்கும் ஒரு கேலி உண்டு: வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டவில்லை என்றால், உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு புகார், அதிர்வு. நெடுந்தூரம் ஓட்டினால் கை மரத்துப்போகும். நட்டும் போல்ட்டும் தானாகவே கழலும். விளக்கு பல்பின் இழை அறுந்துபோகும். ட்ரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் என்று 1950களில் சந்தையை ஆண்ட பெயர்கள் 1970களில் சரிந்ததற்கு எல்லோரும் சொல்லும் காரணங்கள் சோம்பல் நிர்வாகம், தேய்ந்த இயந்திரங்கள், ஓயாத வேலைநிறுத்தம். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மேலே சொன்ன இரண்டு குறைகளுக்கும் பொதுவான வேர் ஒன்று இருக்கிறது. அது 1937இல் எடுத்த ஒரு வடிவமைப்பு முடிவு. எடுத்த நாளில் அது மிகச் சரியான முடிவு என்பதுதான் இந்தக் கதையின் சுவாரசியம்.

அந்த ஆண்டு ட்ரையம்ப் நிறுவனத்தின் எட்வர்ட் டர்னர் 'ஸ்பீட் ட்வின்' என்ற 498 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தார். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சிலிண்டர்கள். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக மேலேறி ஒன்றாகக் கீழிறங்கும். கேட்டதும் விநோதமாகத் தோன்றும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால்தானே சமநிலை? அங்கேதான் டர்னரின் கணக்கு. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். பிஸ்டன்கள் சேர்ந்து ஓடினால் சுற்றுக்கு ஒரு வெடிப்பு, சீரான இடைவெளியில் கிடைக்கும். ஒன்று ஏற மற்றது இறங்கும் 180 பாகை அமைப்பில் 180 பாகைக்கு ஒன்று, பிறகு 540 பாகைக்கு ஒன்று என்று வெடிப்பு நொண்டும்; ஒரே கார்புரேட்டரால் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே அளவில் கலவை கொடுப்பதும் சிரமம். டர்னரின் எஞ்சின், அதே நிறுவனத்தின் 500 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் சட்டத்துக்குள்ளேயே அடங்கியது. பெரிய ஒற்றைப் பிஸ்டனுக்குப் பதில் இரண்டு சின்னப் பிஸ்டன்கள் குறைந்த தூரமே ஓடியதால், பழைய வண்டியைவிட மென்மையாகவும் இருந்தது. போர் முடிந்ததும் பி.எஸ்.ஏ., நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு என்று எல்லோரும் இதே வழியில் வந்தார்கள்.

இனி இயற்பியல். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திரும்புகிறது. ட்ரையம்ப் 1959இல் வெளியிட்ட 649 சி.சி. பானவில்லை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் ஓடும் தூரம் 82 மி.மீ.; உச்ச சக்தி கிடைப்பது நிமிடத்துக்கு 6,500 சுற்றில். கணக்குப் போட்டால், மேல்முனையில் பிஸ்டன் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 1,900 மடங்குக்கும் மேல். கால் கிலோ எடை அந்த நொடியில் அரை டன்னாக இழுக்கும். பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடினால் இந்த இழுப்பின் பெரும்பகுதி ஒன்றையொன்று ரத்து செய்யும் (வண்டியைப் பக்கவாட்டில் உலுக்கும் வேறொரு விசை முளைக்கும் என்பது தனிக்கதை). சேர்ந்தே ஓடினால் இரண்டும் கூடிக்கொள்ளும். கிராங்க் ஷாஃப்ட்டில் எதிர் எடை வைத்துச் சமன் செய்யலாமே என்றால், அந்த எடை வட்டமாகச் சுற்றுகிறது; பிஸ்டனோ நேர்கோட்டில் ஓடுகிறது. மேலும் கீழும் எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு முன்னும் பின்னும் உதறும். ஆகவே முழு எடையும் வைக்காமல், அந்தந்தச் சட்டத்துக்கு எது தோதோ அந்த அளவுக்கு ஒரு பங்கு வைத்தார்கள். குலுக்கல் ஒழியவில்லை, ஒரு பங்கு திசை மாறியது, அவ்வளவுதான்.

500 சி.சி.யில் இது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. வம்பு வந்தது அளவு வளர்ந்தபோது. அமெரிக்க வாடிக்கையாளர்கள் இன்னும் வேகம் கேட்டார்கள். புது எஞ்சின் செய்வதைவிடப் பழைய எஞ்சினைப் பெருக்குவது மலிவு. இதற்கு நார்ட்டனைப்போல் தெளிவான சாட்சி வேறில்லை. பெர்ட் ஹாப்வுட் வடிவமைத்து 1940களின் இறுதியில் வந்த எஞ்சின் 497 சி.சி.; துளை 66 மி.மீ., ஓட்டம் 72.6 மி.மீ. அதே வம்சத்து எஞ்சின் 1973இல் 828 சி.சி.; துளை 77, ஓட்டம் 89. பிஸ்டனின் எடை அதன் முகப்புப் பரப்புக்கு ஏற்ப மட்டுமே கூடியது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், ஒரே சுழல்வேகத்தில் உலுக்கும் விசை மூன்றில் இரண்டு பங்கு அதிகரித்திருக்கும். ஏ.ஜே.எஸ்., மேட்ச்லெஸ் வண்டிகளில் கிராங்க் ஷாஃப்ட்டின் நடுவிலும் ஒரு பேரிங் வைத்துப் பார்த்தார்கள். தண்டு வளைவது குறைந்திருக்கலாம்; உலுக்கும் விசைக்கும் பேரிங்குக்கும் சம்பந்தமில்லை.

எண்ணெய்க் கதைக்கும் இதே பிஸ்டன்கள்தான் காரணம். இரண்டும் ஒன்றாக இறங்கும்போது கீழே கிராங்க் அறையில் உள்ள காற்று முழுவதும் நசுங்குகிறது, ஏறும்போது விரிகிறது. 650 சி.சி. எஞ்சின் என்றால் சுற்றுக்கு ஒருமுறை 650 சி.சி. காற்று போய்வர வேண்டும். அடிப்பகுதி ஒரு சைக்கிள் பம்பாகவே மாறிவிடுகிறது. ஒன்று ஏற மற்றது இறங்கும் எஞ்சினில் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும். மொத்தக் கொள்ளளவு பெரிதாக மாறாது. ட்ரையம்ப் வடிவமைப்பாளர்கள் இது தெரிந்தேதான் கேம் ஷாஃப்ட்டின் முனையில் சுழலும் தட்டு வால்வு ஒன்றை வைத்து, சரியான தருணத்தில் காற்று வெளியேற வழி செய்தார்கள். அந்த வழி போதாதபோது எண்ணெய்ப் பசையோடு காற்று வேறு வழி தேடியது. வழிகளுக்குப் பஞ்சமில்லை: செங்குத்தாக இரண்டாகப் பிளந்து போல்ட்டால் இணைத்த உறை, புஷ் ராட் குழாய்களின் இரு முனைச் சீல்கள், ராக்கர் பெட்டியின் திருகு மூடிகள். உள்ளிருந்து அழுத்தம் தள்ள, வெளியிலிருந்து அதிர்வு மூடிகளைத் தளர்த்த, கேஸ்கெட் என்ன செய்யும்?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். யமஹா 1960களின் கடைசியில் கொண்டுவந்த எக்ஸ்.எஸ். 650 எஞ்சினிலும் பிஸ்டன்கள் இப்படிச் சேர்ந்தே ஓடின. அது 1980களின் நடுப்பகுதிவரை விற்றது. எண்ணெய் ஒழுகும் வண்டி என்ற பெயர் வாங்கவில்லை. அப்படியானால் குற்றவாளி பிஸ்டனா, பிரிட்டனா? இந்த உதாரணம் வாதத்தைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. அந்த யமஹாவும் நன்றாகவே அதிர்ந்தது. வடிவியலுக்கு நாடு கிடையாது. ஆனால் அதன் உறை கிடைமட்டமாகப் பிளந்தது, இணைப்புப் பரப்புகள் துல்லியமாகக் கடையப்பட்டவை, கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலே இருந்ததால் புஷ் ராட் குழாயே இல்லை. ஆக, அதிர்வு இந்த அமைப்போடு கூடப்பிறந்தது. ஒழுகல், அமைப்பு உண்டாக்கும் அழுத்தத்தைத் தாங்காத இணைப்புகளால் வந்தது. பழைய இயந்திரங்களைக் குறைசொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியில் சரி.

இன்னொரு மறுப்பு: அந்தக் காலத்தில் மாற்று வழி தெரியாது என்பது. இதை ஏற்க முடியாது. எதிர்த்திசையில் சுழலும் சமன் தண்டுகளை இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்களுக்காக உருவாக்கிவிட்டார். தெரிந்தும் செய்யவில்லை என்பதற்கு நார்ட்டனின் 1967 கமாண்டோவே ஆதாரம். அதில் எஞ்சின், கியர்பெட்டி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே தொகுதியாக்கி, ரப்பர் தாங்கிகளின்மேல் சட்டத்தில் தொங்கவிட்டார்கள். எஞ்சின் உலுக்கட்டும், ஓட்டுபவருக்குத் தெரியக் கூடாது. ஸ்டாண்டு போட்டு மெதுவாக ஓடவிட்டால் வண்டி முழுக்கக் குதிக்கும். வேகம் ஏறியதும் கைப்பிடி அமைதியாகிவிடும். அந்தத் தாங்கிகளின் பக்கவாட்டு இடைவெளியை மெல்லிய வாஷர்களை மாற்றி மாற்றி வைத்து கால் மில்லிமீட்டர் அளவுக்குள் பிடிக்க வேண்டும். கூடினால் வளைவில் பின்சக்கரம் ஆடும், குறைந்தால் அதிர்வு திரும்பிவிடும். அபாரமான மூளை வேலை! பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் பத்திரிகை வாசகர்கள் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அதைச் சிறந்த வண்டியாகத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஆனால் அத்தனை மூளையும் செலவானது எஞ்சினை மாற்றாமல் இருப்பதற்காக.

ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் மீண்டும் நிர்வாகத்துக்கே வந்து சேர்கிறோம், ஆனால் வேறு வாசல் வழியாக. டர்னரே 1960இல் ஜப்பான் சென்று ஆலைகளைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதியவர். எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. 1975இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கை, ஜப்பான் சிறிய வண்டிகளோடு வந்தபோதெல்லாம் பிரிட்டிஷ் நிறுவனங்கள் லாபம் போதவில்லை என்று அந்தப் பிரிவைக் கைவிட்டு அடுத்த பெரிய அளவுக்கு ஒதுங்கியதைச் சுட்டிக்காட்டியது. பொருளாதாரம் அவர்களைப் பெரிய எஞ்சின் பக்கம் தள்ளியது. பெரிதாகப் பெரிதாக இயற்பியல் தண்டித்தது. 120 பாகை இடைவெளியில் மூன்று பிஸ்டன் ஓடும் ட்ரையம்ப் ட்ரைடன்ட் 1968இல்தான் வந்தது. மறு ஆண்டே நான்கு சிலிண்டர், மின் ஸ்டார்ட்டர், டிஸ்க் பிரேக்கோடு ஹோண்டா சி.பி. 750 கடைக்கு வந்துவிட்டது.

பானவில்லோடு ஒப்பிட இன்று ஒரு நல்ல அளவுகோல் நம் பக்கத்திலேயே தயாராகிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்து, 1955இல் சென்னையில் காலூன்றிய ராயல் என்ஃபீல்டு, 2018இல் வெளியிட்ட 650 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் அது. 648 சி.சி., 47 குதிரைத்திறன். 1959 பானவில் 649 சி.சி., 46 குதிரைத்திறன். புதியதில் ஓட்டம் 67.8 மி.மீ.; ஆனால் சுழல்வேகம் அதிகம் என்பதால் உச்சத்தில் பிஸ்டனின் முடுக்கம் ஏறத்தாழ அதே அளவுதான். இருந்தும் அந்தக் குலுக்கல் இல்லை. பிஸ்டன்கள் 270 பாகை தள்ளி ஓடுகின்றன: ஒன்று முனையில் நிற்கும்போது மற்றது நடுவழியில் விரைகிறது, மீதியை ஒரு சமன் தண்டு பார்த்துக்கொள்கிறது. இரண்டுமே 1950களின் பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்யக்கூடிய வேலைதான்.