அட்வான்ஸ் போனால் போனதுதானா?

சமையலறையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்துவிட்டால், அது லேசில் அடங்காது. மேடை உயரம் போதவில்லை. அலமாரிக் கதவில் கரையான். கிரைண்டரை வைத்தால் மிக்ஸிக்கு இடமில்லை. எதிர் வீட்டு அம்மாள் புதிதாகப் போட்டிருக்கும் இழுப்பறைகள் சத்தமே இல்லாமல் தாமாக மூடிக்கொள்கின்றன என்ற செய்தி வேறு வந்து சேரும். பிறகு கேட்பானேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் புறப்படுகிறீர்கள். குளுகுளு அறையில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, கம்ப்யூட்டர் திரையில் உங்கள் சமையலறையையே இந்திரலோகமாக்கிக் காட்டுகிறார்கள். "இன்னிக்கு புக் பண்ணினா தள்ளுபடி இருக்கு, மேடம். நாளைக்கு இந்த ரேட் வராது" என்கிறார் அங்கே உள்ள பையன். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. ஆறு லட்ச ரூபாய் வேலைக்கு அறுபதாயிரம் அட்வான்ஸ் கட்டி, ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சந்தோஷமாக வீடு திரும்புகிறீர்கள்.

காரியம் நல்லபடியாக நடந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. நடக்காவிட்டால்?

நாற்பத்தைந்து நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னவர்கள் மூன்றாவது மாதமும் "மெட்டீரியல் வரணும், மேடம்" என்கிறார்கள். வரைபடம் போட்ட பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். புதிதாக வந்தவருக்கு உங்கள் வீடு எந்தத் தெரு என்பதே தெரியவில்லை. இதற்குள் இன்னொரு தவணையும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அல்லது தவறு அவர்கள் பேரில் இல்லாமலும் இருக்கலாம். வீட்டுக்காரருக்குத் திடீரென்று வெளியூர் மாற்றல் வருகிறது. மாமியாருக்கு ஆபரேஷன் என்று கைப்பணம் அங்கே போகிறது. எப்படியிருந்தாலும், "வேலை வேண்டாம், பணத்தைக் கொடுங்கள்" என்று நீங்கள் கேட்ட மாத்திரத்தில் அவர்கள் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அட்வான்ஸ் தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது.

அதைப் படித்ததும் அநேகம் பேர் மனம் உடைந்து திரும்பி விடுகிறார்கள். "நாமே கையெழுத்துப் போட்டுவிட்டோமே!" என்று ஒரு குற்ற உணர்ச்சி வேறு. சகோதரிகளே, அந்த ஒரு வரியோடு விஷயம் தீர்ந்துவிடுவதில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இன்ன தொகை அபராதம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், அந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொண்டுவிட முடியாது, நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும் என்று அதன் 74-வது பிரிவு சொல்கிறது.

இதற்கு ஒரு வழக்கு உண்டு. நம் சமையலறைக்குப் பொருத்தமான வழக்குத்தான். மௌலா பக்ஷ் என்ற காண்டிராக்டர் 1947-இல் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு சப்ளை செய்ய ஒப்புக்கொண்டு 10,000 ரூபாயும், கோழி, முட்டை, மீன் சப்ளை செய்ய 8,500 ரூபாயும் டெபாசிட் கட்டினார். சொன்னபடி அவர் சப்ளை செய்யவில்லை. அரசாங்கம் ஒப்பந்தத்தை ரத்துச் செய்து, டெபாசிட்டையும் பறிமுதல் செய்துவிட்டது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று. 1969-இல் வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கும் சந்தை விலை இருக்கிறது, அவர் கொடுக்காததால் வெளியே வாங்கி எவ்வளவு நஷ்டமாயிற்று என்று அரசாங்கம் கணக்குக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. ஆகவே பணத்தைத் திருப்பிக் கொடு! பிசகு செய்தவர் அந்தக் காண்டிராக்டர்தான் என்பதைக் கவனியுங்கள். அப்படியிருந்தும் நஷ்டத்தை நிரூபிக்காமல் அவர் பணத்தை அரசாங்கத்தாலேயே வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால், அலமாரிக் கம்பெனி எம்மாத்திரம்?

இன்னொரு வழக்கு 1963-இல் தீர்ப்பானது. டெல்லியில் ஒரு பங்களாவை 1,12,500 ரூபாய்க்கு விற்கப் பேச்சு. முதலில் 1,000 ரூபாய் அச்சாரம். பிறகு வீட்டை ஒப்படைக்கும்போது 24,000 ரூபாய். விற்பனை முறிந்துபோயிற்று. இருபத்தையாயிரமும் எனக்கே என்றார் விற்றவர். அச்சாரமாகிய ஆயிரத்தை வைத்துக்கொள்ளலாம், மற்ற 24,000 ரூபாயை அப்படியே பறிமுதல் செய்ய முடியாது என்றது சுப்ரீம் கோர்ட்.

நம் பாட்டிமார்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது. அச்சாரம் என்பது சொன்ன வார்த்தைக்குப் பிணை. பேச்சு முறிந்தால் கொடுத்தவனுக்கு நஷ்டம். முன்பணம் என்பது விலையில் ஒரு பகுதி; சரக்கு இல்லையென்றால் விலையும் இல்லை. இப்போது அச்சடிக்கும் ரசீதுகளில் இரண்டையும் 'புக்கிங் தொகை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பேர் என்னவாக இருந்தாலும், ஆறு லட்ச ரூபாய் வேலைக்கு மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு, அத்தனையும் அச்சாரம் என்று சாதிப்பது சுலபமல்ல.

அதற்காகக் கொடுத்தது கொடுத்தபடி ஒரு காசு குறையாமல் வந்துவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். யார் பேரில் பிசகு என்பதைப் பொறுத்தது அது. அவர்கள் கெடு தவறியிருந்தால் முழுத் தொகையையும் கேட்கலாம், வட்டியும் கேட்கலாம். நீங்களே மனம் மாறியிருந்தால், அதுவரையில் அவர்களுக்கு ஆன வாஸ்தவமான செலவைக் கழித்துக்கொள்வது நியாயந்தான். வீட்டுக்கு வந்து அளவெடுத்தார்கள், படம் வரைந்தார்கள்; அதற்கு ஒரு கூலி உண்டு. உங்கள் சுவருக்கென்று பிளைவுட்டை அறுத்தாகிவிட்டது என்றால், அந்தப் பலகை வேறு வீட்டுச் சுவரில் பொருந்தாது. நம் தெருக்கோடித் தச்சர் தம் கைக்காசைப் போட்டு மரம் வாங்கி அறுத்துவிட்டு நிற்கும்போது, "வேண்டாம், முழுப்பணமும் கொடு" என்று அவரிடம் சண்டை போடுவதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவு என்று சொல்கிறவர்கள் பில்லைக் காட்ட வேண்டும், அறுத்த பலகையைக் காட்ட வேண்டும். 'கம்பெனி பாலிஸி' என்பது செலவுக் கணக்கு ஆகாது.

ஆகையால், வேண்டாம் என்று தீர்மானித்த பிறகு ஒவ்வொரு நாளும் காசுதான். இன்ஷூரன்ஸ் பாலிஸி எடுத்தால், பிடிக்கவில்லையென்று 30 நாளைக்குள் திருப்பிக் கொடுக்க விதி இருக்கிறது. அலமாரிக்கும் சமையல் மேடைக்கும் அப்படிப் பொதுவான விதி ஒன்றும் நம் நாட்டில் கிடையாது. பத்திரத்தில் அவர்களாகவே ஏதாவது நாள் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 'வரைபடம் முடிவாகும் முன்', 'உற்பத்தி ஆரம்பிக்கும் முன்' என்று கட்டம் கட்டமாகப் பிடித்தம் போட்டிருப்பார்கள். அப்படியானால் "படத்தை அப்ரூவ் பண்ணிடுங்க, மேடம், அப்புறம் மாத்திக்கலாம்" என்று வரும் செய்திக்குச் சரி என்று பதில் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவீர்கள்.

இனி, கடிதம். போனில் எத்தனை மணி நேரம் பேசினாலும், கடையில் போய் எவ்வளவு கோபித்துக்கொண்டாலும், நாளைக்கு அதற்கு அத்தாட்சி இல்லை. எந்தத் தேதியில் ஒப்பந்தம், எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், எப்போது முடித்துத் தருவதாகச் சொன்னார்கள், இதுவரையில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள். பிறகு, "இந்த ஒப்பந்தத்தை இன்றைய தேதியிலிருந்து ரத்துச் செய்கிறேன்" என்று ஒரு வாக்கியம். இதைத்தான் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்! "மிகவும் மன வருத்தமாக இருக்கிறது, இப்படிச் செய்யலாமா?" என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு, ரத்து என்ற வார்த்தையை மறந்துவிடுகிறார்கள். அவர்களோ, "நீங்க கேன்ஸல் பண்ணலையே, புகார்தானே சொன்னீங்க?" என்கிறார்கள். எவ்வளவு தொகை, எந்த பாங்குக் கணக்கில், பதினைந்து நாளைக்குள் என்று கடைசியில் குறிப்பிடுங்கள். இதை ஈமெயிலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று தபாலாபீஸில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு ஒரு தாஜா வரும். "பணமாகத் தர முடியாது, மேடம், அதே தொகைக்கு மெத்தையோ சோபாவோ எடுத்துக்குங்க" என்பார்கள். மெத்தை தேவையாயிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தேவையில்லையென்றால், அதை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு பணம் கேட்கும் உரிமையே ஆட்டம் கண்டுவிடும்.

ஜி.எஸ்.டி. விஷயமும் இப்படித்தான். "வரியை சர்க்காருக்குக் கட்டியாச்சு, அதைத் திருப்ப முடியாது" என்று ஒரு பெருந்தொகையைக் கழிப்பார்கள். வேலையே நடக்காமல், பில்லும் போடாமல் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால், அதற்கென்று 'ரீஃபண்ட் வவுச்சர்' என்று ஒரு சீட்டுப் போட அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வரியைச் சரிக்கட்டுவது அவர்கள் கணக்குப்பிள்ளையின் வேலை.

தவணைக் கடனில் வேலை கொடுத்தவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கம்பெனியே ஏற்பாடு செய்து கொடுத்த கடனானாலும், கடன் உங்கள் பேரில். அலமாரி ஒப்பந்தம் ரத்தானால் கடன் தானாக ரத்தாகிவிடாது. கோபத்தில் தவணையை நிறுத்தினால் உங்கள் பேர்தான் கெடும். கடன் கொடுத்தவர்களுக்கும் அதே நாளில் ஒரு கடிதம் போடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகையை ஆட்சேபித்துத் தாமதமில்லாமல் பாங்குக்கு எழுதுங்கள்.

பதினைந்து நாள் கழித்தும் அசையவில்லையா? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். தமிழிலேயே பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. ஆனால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை ஐம்பது லட்சத்துக்கு மேற்படாவிட்டால் அங்கேதான் மனு. ஐந்து லட்சம் வரையில் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

'வழக்கு என்றால் பெங்களூர் கோர்ட்டில் மட்டுமே' என்று பத்திரத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள். பயந்துவிடாதீர்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையும் இந்த ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது. 2018-இல் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்திருக்கிறது.

எதிர்க்கட்சிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்தில் தீர்ப்பாக வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. காலண்டரில் நாளைக் குறித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். வாய்தாக்கள் உண்டு, அலைச்சலும் உண்டு. ஆனாலும் நோட்டீஸ் போன பிறகு சமரசத்துக்கு இறங்கி வருகிற கம்பெனிகளும் இருக்கின்றன. உத்தரவு வந்த பின்பும் பணம் கொடுக்காமல் இருந்தால் ஜெயில் தண்டனைக்குக்கூட அந்தச் சட்டத்தில் இடம் இருப்பது அவர்களுக்கும் தெரியும்.

சமரசம் என்று வந்தால், கடைசியாக ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். 'முழுத் திருப்தியுடன் கணக்குத் தீர்ந்தது' என்று அச்சடித்திருக்கும். பேசிய தொகை முழுவதும் பாங்குக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள். பாதிதான் வந்திருக்கிறதென்றால், 'பகுதித் தொகை மட்டும் பெற்றுக்கொண்டேன், மீதி பாக்கி' என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். போடுவதற்கு முன் அந்தக் காகிதத்தை ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.