பாடசாலைத் தோட்டத்துக்குச் சிறு நன்கொடை பெறும் வழி

இலங்கையிற் பாடசாலைத் தோட்டம் புதிய முயற்சியன்று. 1912 ஆம் ஆண்டில் விவசாயத் திணைக்களம் நிறுவப்படுவதற்கு முன்னரே கிராமப் பாடசாலைகளிலே தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அண்மைக் காலத்தில், 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2022 இல் பொருளாதார நெருக்கடி நேர்ந்து, பல குடும்பங்கள் உணவைக் குறைக்க வேண்டியதாயிற்று. அப்போது பாடசாலை வளவுகளிற் பயிரிடும் எண்ணம் மறுபடியும் வலுப்பெற்றது.

பாத்தி வெட்டுதல் எளிது; அதனை ஆண்டு முழுவதும் காத்தலே அரிது. நீர், வேலி, விடுமுறைக் காலப் பராமரிப்பு என்னும் மூன்றும் குறைவற அமைந்தாற்றான் தோட்டம் நிலைக்கும். இவற்றுள் முன்னைய இரண்டுக்கும் நன்கொடை உதவும். மூன்றாவது எவரும் பணமாகக் கொடுக்க முடியாதது. அது பெற்றோராகிய கமக்காரரிடமிருந்தே வரவேண்டும்.

எதற்குப் பணம் கேட்பது?

விதை, நாற்று, சாணம், கூட்டெரு, பந்தற் தடி, உடலுழைப்பு ஆகியன கமக்காரரிடம் உள்ளவை. இவற்றுக்கு நன்கொடைப் பணத்தைச் செலவிடுதல் வீண். கிணற்றைத் திருத்துதல், நீர்த்தாங்கி வைத்தல், குழாய் இடுதல், கட்டாக்காலி ஆடு மாடுகள் புகாதபடி வேலி அடைத்தல் ஆகியன ஒரே தடவையிற் பெருந்தொகை வேண்டுபவை; பல ஆண்டு நிலைப்பவை. ஆதலால் இவற்றுக்கே பணம் கேட்டல் நன்று. பெயர்ப்பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் செலவான பணம் ஒரு கத்தரிச் செடியையேனும் நனைப்பதில்லை.

ஊரார் தாமாகக் கொடுப்பவற்றையும் ரூபாயில் மதித்து விண்ணப்பத்தில் எழுதுதல் வேண்டும். பத்துப் பேர் இரண்டு நாட் சிரமதானம் செய்தால் அது 20 ஆள்நாள் வேலை. ஊரில் வழங்கும் நாட்கூலியால் அதனைப் பெருக்கினால் ஊரார் பங்கின் பெறுமதி தெரியவரும். கொடுப்பவர் முதலிற் பார்ப்பது இப்பங்கையே.

எங்கே கேட்பது?

முதலில் அண்மையில் உள்ளவர்களை நாடுதல் வேண்டும். விவசாயப் போதனாசிரியரும் கமநல சேவை நிலையமும் அவ்வாண்டில் நடைபெறும் வீட்டுத் தோட்டத் திட்டங்களைப் பற்றிக் கூறுவர். சிறு வேலைகளுக்கு ஒதுக்கீடு உண்டா என்பதைப் பிரதேச செயலகத்தில் அறியலாம். பழைய மாணவர் சங்கமும், வெளிநாடுகளில் வாழும் ஊரவரின் சங்கங்களும் நீர்த்தாங்கி, வேலி போன்ற கண்ணுக்குத் தெரியும் வேலைகளுக்கு உதவக்கூடியவை.

அதன்பின் பிறநாட்டு உதவிகளைப் பார்க்கலாம். யப்பான், அவுஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகள் கொழும்பிலுள்ள தம் தூதரகங்கள், உயர் ஸ்தானிகராலயங்கள் வாயிலாக உள்ளூர் அமைப்புகளுக்கு இத்தகைய உதவிகளை வழங்கி வந்துள்ளன. விண்ணப்பம் கோரும் காலமும் நோக்கமும் மாறக்கூடியன; ஆதலால் அவ்வாண்டின் அறிவித்தலைப் படித்த பின்னரே எழுதத் தொடங்குதல் வேண்டும்.

உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992 இல் ஆரம்பமாகி, 1994 முதல் இலங்கையிலும் இயங்கி வருகின்றது. இதனை நடத்துவது ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம். இதன் நோக்கம் உயிரினப் பல்வகைமையைக் காத்தலும், மண் சீரழிவைத் தடுத்தலும், காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளலுமாம். ஆகையால் மரக்கறி மட்டும் பயிரிடும் திட்டத்தை இங்கே அனுப்புவதாற் பயனில்லை. மறைந்துவரும் நாட்டு விதைகளைப் பேணும் தோட்டம், சரிவான நிலத்தில் மண்ணரிப்பைத் தடுக்கும் தோட்டம் என்பன இந்நோக்கத்தோடு பொருந்தும். கொடுப்பவரின் நோக்கமும் ஊரின் தேவையும் சந்திக்கும் இடத்தைக் கண்டறிந்து விண்ணப்பித்தலே முறை. நோக்கம் பொருந்தாவிடின் வேறிடம் தேடுதல் வேண்டும். பணத்துக்காகத் தேவையை மாற்றுதல் ஆகாது.

விண்ணப்பிப்பவர் யார்?

இத்தகைய நன்கொடைகள் பெரும்பாலும் தனியாட்களுக்கு வழங்கப்படுவதில்லை. பதிவு, நிருவாகக் குழு, வங்கிக் கணக்கு ஆகியவற்றை உடைய சங்கமே விண்ணப்பித்தல் வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற கமக்காரர் அமைப்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். பாடசாலைக்கு வெளியேயுள்ள சங்கமாயின், அதிபரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியையும் முன்னரே பெறுதல் வேண்டும். நிலமும் கிணறும் பாடசாலைக்குரியன என்பதை மறத்தலாகாது.

நீர்க் கணக்கு

விண்ணப்பத்தில் விருப்பத்தை விட அளவே பேசவேண்டும். ஒரு மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமும் உடைய பத்துப் பாத்திகள் 100 சதுர மீற்றர். வரண்ட காலத்தில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 இலீற்றர் நீர் வேண்டும். ஆகவே இத்தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 500 இலீற்றர் வேண்டும். 1,000 இலீற்றர்த் தாங்கி இரண்டே நாளில் வற்றிவிடும். நூறு சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 1,000 இலீற்றர். சேதம் போக ஏறக்குறைய 800 இலீற்றர் சேரும். மழைநீர்த் தாங்கி மட்டும் கோடையைக் கடத்தாது என்பது இதனாற் புலப்படும்.

கிணற்று நீர் குறைவான பாடசாலைகளிற் கோடையில் இரண்டு பாத்திகளை மட்டும் வைத்து, மண்ணை வைக்கோலால் மூடிவிடலாம். இதற்கு நாளொன்றுக்கு 100 இலீற்றர், அதாவது பத்து இலீற்றர் வாளியாற் பத்து வாளி நீர் போதும். பத்துப் பாத்திகளையும் பெரும்போக மழையோடு பயிரிடலாம்.

விடுமுறையும் பயிரும்

ஏப்பிரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளே தோட்டத்தின் சோதனைக் காலம். கீரை ஒரு மாதத்துக்குள்ளும், வெண்டி ஒன்றரை மாதமளவிலும் பயன் தரத் தொடங்கும். இவற்றைத் தவணைக்குள் அறுவடையாகும்படி விதைத்தல் வேண்டும். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை என்பன வேரூன்றிய பின் சில நாட் புறக்கணிப்பைத் தாங்கும். வேலி ஓரத்தில் இவற்றை நடலாம். எந்த வாரத்தில் எந்தக் குடும்பம் நீர் விடும், அவ்வாரத்து விளைச்சல் எவருக்கு என்பவற்றைப் பெயரிட்டு எழுதிய பட்டியல் ஒன்றை விண்ணப்பத்தோடு இணைத்தல் நன்று. தவணைக் காலத்து விளைச்சலிற் கீரையும் மரக்கறியும் பாடசாலை உணவுக்குச் சேரட்டும்.

கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது வயலுக்குரிய பழமொழி. நன்கொடையிலோ, கணக்குப் பாராத சங்கத்துக்கே ஒன்றும் மிஞ்சாது. பொருள் வாங்குமுன் இரண்டு மூன்று கடைகளின் விலைகளை எழுத்திற் பெறுதல், பணத்தை இருவர் கையொப்பத்தோடு மட்டும் எடுத்தல், பற்றுச்சீட்டுகளைத் திகதி வரிசையிற் கோவைப்படுத்தல், கூட்ட அறிக்கை எழுதுதல் ஆகியவற்றைத் தவறாது செய்தல் வேண்டும். நன்கொடை தவணை முறையிலும் வழங்கப்படுவதுண்டு. முதற் தவணையின் கணக்கு ஒப்படைக்கப்படாவிடின் அடுத்தது தாமதமாகும். அத்தாமதத்தில் அரைகுறையாய் நிற்கும் வேலியால் ஆடு புகும்.

விண்ணப்பத்துக்கும் பணம் கிடைப்பதற்கும் இடையிற் பல மாதங்கள் செல்லலாம். ஒக்ரோபர் மழையோடு விதைக்க விரும்புவோர் முதற் தவணையிலேயே கூடிப் பேசுதல் வேண்டும். பதில் வரும்வரை காத்திராது, கையிலுள்ள விதையோடு இரண்டு பாத்திகளை இப்போதே தொடங்கலாம். பார்வையிட வரும் அலுவலருக்கு அப்பாத்திகளே தக்க சான்றாகும். நன்கொடை கிடையாவிடினும் பிள்ளைகளுக்குக் கீரை கிடைக்கும்.