சாய்ப்புக் குடில்

சாய்ப்புக் குடில் என்பது காட்டில் ஓரிரு இரவுகள் தங்குவதற்காகக் கழி, புல், இலைதழை கொண்டு அமைக்கப்படும், ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த கூரையுடைய தற்காலிக உறைவிடம் ஆகும். சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் கோடையிலும் இடிமழை பெய்யும். நனைந்த உடலில் குளிர்காற்றுப் பட்டால் உடல் வெப்பம் விரைவாகக் குறையும். இத்தகைய இடங்களில் உயிர்காக்க உதவுவது இக்குடில்.

இடத் தேர்வு

வறண்ட ஓடைப்படுகை, பட்டுப்போன கிளைகளின் அடிப்பகுதி, மலையுச்சி, காட்டெருமைத் தடம், தேனடை உள்ள மரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சற்றே மேடான, நீர் வடியும் நிலமே ஏற்றது.

கூரை

கவைகொண்ட இரண்டு கழிகளை நட்டு, அவற்றின் மேல் ஒரு குறுக்குக்கழி வைக்கப்படும். காற்று வீசும் பக்கம் நோக்கி, அதிலிருந்து தரைவரை மற்றக் கழிகளைச் சாய்க்க வேண்டும். சாய்வு சுமார் 45 பாகை இருந்தால் நீர் இலைகளின் மேலேயே வழிந்தோடும். சாய்வு குறைந்தால் உள்ளே சொட்டும். புல்லைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்க வேண்டும்.

தரை

பலரும் கூரையில் மட்டுமே கவனம் செலுத்துவர். ஆனால் ஈரமும் குளிரும் தரையிலிருந்தும் வருகின்றன. புதர்களிலும் புல்லிலும் வாழும் சிற்றுண்ணிகளின் இளம்பருவம் கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் கடும் காய்ச்சல் பரவுகிறது. எனவே வெறுந்தரையிலும் புல்மெத்தையிலும் படுக்கலாகாது. கழிகளைப் பரப்பித் தரைக்கு மேல் ஒரு தட்டு அமைத்து, அதன்மேல் விரிப்பு இட வேண்டும். தினைப்புனம் காப்போர் உயர்ந்த பரணில் இரவு தங்கிய வழக்கத்திலும் இந்தப் பயன் உண்டு.

உள்ளூர் மரபு

இம்மலையின் பழங்குடியினரான மலையாளி மக்கள் மூங்கில் தட்டி, மண்பூச்சு, புற்கூரை கொண்டு வீடு கட்டி வாழ்ந்தவர்கள். மேற்கூறிய கூரை வேயும் முறையை அவ்வீடுகளிலும் காணலாம்.

சட்டம்

காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவதும், மரம் வெட்டுவதும், தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றோர் பலர் உயிரிழந்தனர். ஆகவே மாணவர்கள் இதனைச் சொந்தத் தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ பழகுவதே முறை. அங்கு மண்டும் உண்ணிச்செடியை வெட்டிக் கழியாக்கினால் களையும் நீங்கும், குடிலும் கிடைக்கும்.